பாடப்புத்தகத்தில் இடம்பெறாத பாவலர்கள்

ஆங்கிலக் கவிகள் யார் யார் என்று நம் பிள்ளைகளைக் கேட்டால், ஷேக்ஸ்பியர், மில்டன், வோர்ட்ஸ்வொர்த், ஷெல்லி, கீட்ஸ், டெனிஸன் என்று மடமடவென ஒப்பித்து விடுவார்கள். அவர்களுடைய பாட்டன்மாரைக் கேட்டிருந்தாலும் ஏறக்குறைய இதே வரிசைதான் கிடைத்திருக்கும். நூறாண்டுகளுக்கு மேலாக நம் பள்ளிக்கூடங்களில் ஆங்கிலக் கவிதை என்ற பெயரால் கற்பிக்கப்பட்டவை பெரும்பாலும் இந்தச் சிலருடைய பாடல்களே. நாமும் இருபது வருஷங்களாக வகுப்பறையில் நின்று அவற்றையே சொல்லிக் கொடுத்து வருகிறோம். அவை உயர்ந்த கவிதைகள் என்பதில் நமக்கு ஐயம் சிறிதும் இல்லை.

ஆயினும், ஓர் இலக்கியத்தைக் கற்பிக்கிறவர்கள் எதைச் சேர்த்தார்கள் என்பதோடு, எதை விட்டுவிட்டார்கள் என்பதையும் ஒரு முறையாவது எண்ணிப் பார்ப்பது நல்லது. நம் முன்னோர்கள் படித்த ஆங்கிலக் கவிதையில் ஏரிக்கரை மலர்கள் பூத்தன, வானம்பாடிகள் பாடின, வீரர்கள் போர்க்களத்தில் மடிந்தார்கள். அந்தத் தேசத்தில் பசித்தவன் ஒருவனும் இருந்ததாகத் தெரியவில்லை. நிலத்தை இழந்த குடியானவனும், கண் கெடத் தையல் வேலை செய்த விதவையும், நியாயம் கேட்டுச் சிறை சென்ற தொழிலாளியும் அந்தப் பக்கங்களில் தலை காட்டவே இல்லை. அவர்கள் இங்கிலாந்தில் இருந்தார்கள். அவர்களைப் பற்றிப் பாடிய கவிகளும் இருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த அத்தகைய நால்வருடைய வாழ்க்கையை நேயர்களுக்கு எடுத்துச் சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

கதிரடிப்பவன் மகன்

முதலாமவர் ஜான் கிளேர். இவர் 1793-ஆம் வருஷம் ஜூலை 13-ஆம் தேதி, நார்தாம்ப்டன்ஷையரைச் சேர்ந்த ஹெல்ப்ஸ்டன் என்ற சிறு கிராமத்தில் பிறந்தார். தகப்பனார் களத்தில் கதிரடிக்கும் கூலியாள். நாட்டுப் பாடல்களை நூற்றுக் கணக்கில் மனப்பாடமாக வைத்திருந்தவர். தாயாருக்கு எழுத்து வாசனையே கிடையாது. கூடப் பிறந்த இரட்டைச் சகோதரி குழந்தைப் பருவத்திலேயே இறந்து போனாள். கிளேர் வயல் வேலை இல்லாத நாட்களில் மட்டும் பள்ளிக்குப் போனார். பன்னிரண்டு வயதுக்குப் பிறகு அதுவும் நின்றது. ஏர் ஓட்டுதல், தோட்ட வேலை, சுண்ணாம்புக் காளவாயில் கூலி என்று கிடைத்த வேலையெல்லாம் செய்தார்.

பதின்மூன்றாம் வயதில் ஒரு சம்பவம் நேர்ந்தது. ஜேம்ஸ் தாம்ஸன் என்ற கவி பருவங்களைப் பற்றிப் பாடிய நூல் ஒன்றை யாரோ ஒருவர் காட்ட, சிறுவனுக்கு அதன்மேல் தீராத ஆசை உண்டாயிற்று. ஒன்றரை ஷில்லிங்கு எப்படியோ சேர்த்துக்கொண்டு ஸ்டாம்போர்டு நகரத்துக்கு நடந்து போய் அதை வாங்கினான். கூலிக்காரப் பையன் வழியில் புத்தகமும் கையுமாக நடந்தால் பிறர் பார்த்துச் சிரிப்பார்களே! ஆகவே பர்லி பிரபுவின் தோட்டச் சுவரைத் தாண்டிக் குதித்து, புல்தரையில் மறைவாக உட்கார்ந்து படித்தான். வீட்டுக்குத் திரும்பும்போதே அவன் மனத்தில் முதல் கவிதை உருவாகத் தொடங்கிவிட்டது.

அந்த நாட்களில் ஹெல்ப்ஸ்டனைச் சுற்றியிருந்த நிலத்தில் பெரும்பகுதி வேலியில்லாத திறந்த வெளி. ஊருக்குப் பொதுவான மேய்ச்சல் தரையில் ஏழைகளும் ஒரு பசுவையோ நாலு வாத்துகளையோ மேய்த்துக்கொள்ளலாம், சுள்ளி பொறுக்கலாம், இஷ்டம் போல் நடந்து திரியலாம். நம் ஊர் மேய்ச்சல் புறம்போக்கை நினைத்துக்கொண்டால் நேயர்களுக்கு விளங்கும். 1809-ஆம் வருஷம் இங்கிலாந்துப் பார்லிமெண்டு அந்த வட்டாரத்துக்கு ஒரு சட்டம் செய்தது. பொது நிலங்களை அளந்து, பங்கு பிரித்து, வேலி அடைத்து, நிலச்சொந்தக்காரர்களிடம் ஒப்படைக்கும் சட்டம் அது. இது ஒரு கிராமத்துக்கு மட்டும் நேர்ந்த கதியன்று. 1604 முதல் 1914 வரையில் இவ்விதம் 5,200-க்கு மேற்பட்ட சட்டங்கள் நிறைவேறின. சுமார் 68 லட்சம் ஏக்கர், அதாவது இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம், வேலிக்குள் சென்றது. விளைச்சல் பெருகும் என்று சொல்லிச் செய்தார்கள். பல இடங்களில் பெருகவும் செய்தது. ஆனால் பசு வைத்திருந்தவன் பசுவை விற்றான். சுள்ளி பொறுக்கியவள் திருடி என்று பெயர் வாங்கினாள். வேலி போடும் வேலைக்கும் கூலி கொடுத்தார்கள். வயிற்றுப் பாட்டுக்காகக் கிளேரும் அந்த வேலையைச் செய்ய நேர்ந்தது. தாம் ஓடி விளையாடிய வெளியைத் தம் கையாலேயே அடைத்த அந்த மனிதர், பிற்காலத்தில் அதைப் பற்றிப் பாடிய பாடல்களில் கோபமும் துக்கமும் ஒருங்கே கலந்திருப்பதில் வியப்பென்ன?

1820-ல் கிளேரின் முதல் கவிதைத் தொகுதி லண்டனில் வெளிவந்தது. கீட்ஸின் நூல்களைப் பிரசுரித்த ஜான் டெய்லர்தான் இதையும் பிரசுரித்தார். ஒரே வருஷத்தில் நாலு பதிப்புகள். மூவாயிரம் பிரதிகளுக்கு மேல் விற்பனை. ‘குடியானவக் கவி’ என்று லண்டன் நகரம் கொண்டாடியது. கனவான்களும் சீமாட்டிகளும் வண்டி கட்டிக்கொண்டு ஹெல்ப்ஸ்டனுக்கு வந்து, வயலில் வேலை செய்துகொண்டிருந்தவரை அழைப்பித்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். பேசி அனுப்பிவிட்டு வயலுக்குத் திரும்பும்போது அரை நாள் கூலி போயிருக்கும்!

டெய்லர் நல்லவர், ஆனாலும் கிளேரின் கிராமத்துச் சொற்களையும் நிறுத்தக் குறியில்லாத வாக்கியங்களையும் திருத்தி, மெருகிட்டு அச்சிட்டார். எஞ்சிய வட்டார வழக்குகளுக்கு நூலின் இறுதியில் அரும்பதவுரை சேர்த்தார். கல்வியில் இலக்கணம் செய்வது அரசாட்சியில் கொடுங்கோன்மை செய்வதைப் போன்றது என்பது கிளேரின் கருத்து. இலக்கணம் கற்பித்து வயிறு வளர்க்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இது சற்றுச் சங்கடமான வார்த்தைதான். ஆனால் வயற்காட்டுச் சொல் ஒன்றை நீக்கிவிட்டு அதன் இடத்தில் புத்தகச் சொல்லை வைத்தால் வயல் வாசனையும் கூடவே போய்விடும் என்பதைத் தமிழர்களாகிய நாம் அறியாதவர்களா? நூற்றுக்கு மேற்பட்ட பறவை இனங்களைக் கிளேர் நேரில் கண்டறிந்து எழுதியிருக்கிறார். எந்தப் பறவை எந்தப் புதரில் எவ்விதம் கூடு கட்டும், முட்டையின் நிறம் என்ன என்பதெல்லாம் அவருக்குப் பாடம்.

நாகரிக உலகத்தின் ஆசை நெடுநாள் நிற்கவில்லை. 1821-லும் 1827-லும் வெளிவந்த தொகுதிகள் முன்போல் விற்கவில்லை. ஆதரவாளர்கள் சேர்த்து வைத்த நிதியிலிருந்து வருஷத்துக்குச் சுமார் 45 பவுன் வந்தது. அதைக் கொண்டு மனைவி பாட்டி, ஏழு குழந்தைகள், வயது முதிர்ந்த பெற்றோர் ஆகியோரைக் காப்பாற்ற வேண்டும். தம் புத்தகத்தைத் தாமே சுமந்து வீடு வீடாக விற்றும் பார்த்தார். 1832-ல் மூன்று மைல் தூரத்திலுள்ள நார்த்பரோ கிராமத்தில் சற்று விசாலமான வீடு கிடைத்துக் குடிபோனார். மூன்று மைல் என்பது நமக்கு ஒரு தூரமே அன்று. பிறந்த மண்ணின் ஒவ்வொரு புதரையும் பெயர் சொல்லி அழைத்த அந்த மனிதருக்கோ அது அந்நிய தேசமாயிற்று.

1835-ஆம் வருஷத்தை இந்தியர்களாகிய நாம் மறக்க முடியாது. அந்த வருஷம் பிப்ரவரி 2-ஆம் தேதிதான் மெக்காலே கல்கத்தாவில் தமது பிரசித்தமான கல்விக் குறிப்பை எழுதினார். இந்தியாவிலும் அரேபியாவிலும் தோன்றிய நூல்கள் அனைத்தையும் சேர்த்தாலும் ஐரோப்பியப் புத்தகங்களின் ஒரு தட்டுக்கு ஈடாகா என்று அதில் சொன்னார். அதே வருஷத்தில் கிளேரின் நாலாவது தொகுதி இங்கிலாந்தில் வெளிவந்து, வாங்குவாரின்றிக் கிடந்தது. அவர் உயிரோடிருக்கும்போது வெளியான கடைசிப் புத்தகம் அதுவே. மெக்காலே பெருமை பேசிய அந்தப் புத்தகத் தட்டில், உயிரோடிருந்த தம் நாட்டுக் கவிக்கே இடம் அகப்படவில்லை!

1837-ல் கிளேருக்குச் சித்தப் பிரமை முற்றியது. எப்பிங் காட்டிலுள்ள ஒரு மனநோய் விடுதியில் சேர்த்தார்கள். நாலு வருஷம் அங்கே இருந்தார். 1841 ஜூலை மாதம் ஒரு நாள், ஒருவரிடமும் சொல்லாமல் புறப்பட்டு வீட்டை நோக்கி நடக்கத் தொடங்கினார். ஏறக்குறைய எண்பது மைல், கையில் காசில்லை. நாலு நாள் நடந்தார். பசி தாங்காமல் வழியோரத்துப் புல்லைப் பறித்துத் தின்றார். இரவில் படுக்கும்போது காலையில் திசை தவறாமலிருக்க வடக்கே தலை வைத்துப் படுத்தார். இளமையில் காதலித்த மேரி ஜாய்ஸ் என்பவளே தம் முதல் மனைவி என்று அவர் பிரமை கொண்டிருந்தார்; அவளைக் காணத்தான் அந்த நடை. அவளோ கல்யாணமாகாமலேயே 1838-ல் காலமாகி விட்டாள். ஊரார் சொன்னதைக் கிளேர் நம்பவில்லை. இந்தப் பிரயாணத்தைப் பற்றி வீடு திரும்பியதும் அவரே எழுதி வைத்த வரலாற்றைக் கண்ணீர் விடாமல் படிப்பது கடினம்.

ஐந்து மாதம் கழித்து அவரை நார்தாம்ப்டன் மனநோய் விடுதிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே 22 வருஷத்துக்கு மேல் இருந்து, 1864 மே 20-ஆம் தேதி தமது எழுபதாம் வயதில் உயிர் நீத்தார். நோய்க்கு முன்பு மனத்தை வருத்திய காரணம் ஏதேனும் உண்டா என்று அனுமதிப் பத்திரத்தில் ஒரு கேள்வி இருந்தது. பல வருஷங்களாகக் கவிதை எழுதும் பழக்கத்துக்கு ஆளானவர் என்ற பொருள்பட வைத்தியர் அதற்கு விடை எழுதினார். கள்ளுக்கும் கஞ்சாவுக்கும் சொல்கிற வார்த்தை! ஆனால் அந்த விடுதிக்குள் இருந்தபோதுதான் கிளேர் தம் உயர்ந்த பாடல்கள் சிலவற்றைப் பாடினார். வில்லியம் நைட் என்ற விடுதி அலுவலர் பொறுமையாக உட்கார்ந்து அவற்றைப் பிரதி எடுத்து வைத்தார். அவர் எடுத்துக்கொண்ட சிரமம் இல்லாவிட்டால் அப்பாடல்களிற் பல இன்று நமக்குக் கிடைத்திரா.

சட்டைப் பாட்டு

லண்டனுக்கு விருந்துக்கு வரும்போது கிளேர் பசும்புல் நிறத்தில் ஒரு கோட்டு அணிந்து வருவாராம். அதை வேடிக்கையாக எழுதி வைத்தவர் தாமஸ் ஹூட் என்ற மற்றொரு கவி. இவர் 1799-ல் லண்டனில் ஒரு புத்தக வியாபாரியின் மகனாகப் பிறந்தார். கிளேரை விருந்துக்கு அழைத்த அதே டெய்லரின் பத்திரிகையில் 1821-ல் உதவி ஆசிரியரானார்.

ஹூட் நம் காளமேகப் புலவரைப் போலச் சிலேடையில் மன்னர். ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு மூன்று அர்த்தத்தில் பந்தாடுவார். 1830 முதல் அவர் வருஷந்தோறும் வெளியிட்ட நகைச்சுவை மலர் வீடுகள்தோறும் சிரிப்பை மூட்டியது. எழுதியவருக்குச் சிரிப்பதற்கு அதிகக் காரணம் இல்லை. இளமை முதல் நோயாளி. பிரசுராலயம் ஒன்று முறிந்ததால் 1834-ல் கடன் தலைமேல் ஏறிற்று. சொந்த நாட்டில் தலை காட்ட முடியாமல் 1835 முதல் ஐந்து வருஷம் ஜெர்மனியிலும் பெல்ஜியத்திலும் குடும்பத்துடன் காலம் தள்ளினார். இரத்தம் கக்கிக்கொண்டே படுக்கையில் சாய்ந்தவாறு, அடுத்த மாதத்துச் சிரிப்புக்கான பக்கங்களை எழுதி அனுப்பினார். காலம் தாழ்த்தாமல் அனுப்பினால்தான் அடுப்பு எரியும்.

1843-ஆம் வருஷம் லண்டன் போலீஸ் கோர்ட்டில் ஒரு வழக்கு நடந்தது. குழந்தைகளையுடைய ஓர் ஏழை விதவை, தைப்பதற்காகத் தன்னிடம் கொடுத்த துணிகளை அடகு வைத்துவிட்டாள் என்பது குற்றச்சாட்டு. விசாரணையில் உண்மை வெளிவந்தது. ஒரு கால்சட்டை தைத்தால் ஏழு பென்னி கூலி. நூலும் ஊசியும் அவளே வாங்கிக்கொள்ள வேண்டும். இரவும் பகலும் உழைத்தாலும் வாரத்துக்கு ஏழு ஷில்லிங்குக்கு மேல் கிடைக்காது. குழந்தைகளுக்கு ரொட்டி வாங்கவே துணியை அடகு வைத்தாள். உழைத்தால் இதில் நன்றாகப் பிழைக்கலாம் என்று முதலாளி தரப்பில் சொன்னார்கள்!

இதைப் பத்திரிகையில் படித்த ஹூட்டின் உள்ளம் கொதித்தது. சட்டை தைப்பவளே தன் கதையைப் பாடுவதாக ஒரு பாட்டு எழுதினார். மூன்று பத்திரிகைகள் அதைத் திருப்பி அனுப்பிவிட்டன என்பர். கடைசியில் ‘பஞ்ச்’ என்ற நகைச்சுவைப் பத்திரிகைக்குப் போயிற்று. சிரிப்புப் பத்திரிகையில் அழுகைப் பாட்டா என்று சிலர் தயங்கினார்களாம். ஆசிரியர் மார்க் லெமன் துணிந்து, 1843-ஆம் வருஷக் கிறிஸ்துமஸ் இதழில், ஆசிரியர் பெயரில்லாமலே அதை வெளியிட்டார்.

அதன் பிறகு நடந்ததை ஓர் அதிசயம் என்றே சொல்லவேண்டும். மற்றப் பத்திரிகைகள் அதை எடுத்து வெளியிட்டன. பாதிரிமார் அதை வைத்துப் பிரசங்கம் செய்தார்கள், நாடகக் கொட்டகையில் நடித்தார்கள், கைக்குட்டையில் அச்சிட்டார்கள், பிற பாஷைகளில் பெயர்த்தார்கள். யாரைப் பற்றிய பாட்டோ, அவர்களே தெருவில் தங்களுக்குத் தெரிந்த மெட்டில் அதைப் பாடிக்கொண்டு போனார்கள். ஒரு கவிக்கு இதைவிடப் பெரிய சன்மானம் வேண்டுமா?

ஹூட் அப்போது மரணப் படுக்கையை நெருங்கிக்கொண்டிருந்தார். 1844 இறுதியில் பிரதம மந்திரி ராபர்ட் பீல், ஹூட்டின் மனைவி ஜேனுடைய பெயரால் வருஷத்துக்கு நூறு பவுன் உபகாரச் சம்பளம் ஏற்படுத்தினார். 1845 மே 3-ஆம் தேதி ஹூட் மறைந்தார். அடுத்த வருஷமே மனைவியும் பின்தொடர்ந்தாள். 1854-ல் பொதுமக்கள் பணம் சேர்த்து அவர் சமாதிமேல் ஒரு ஞாபகச் சின்னம் எழுப்பினார்கள். நிதி தந்தவர்களில் மெக்காலேயைப் போன்ற பெரியவர்களும் உண்டு. ஊசி பிடித்து வயிறு வளர்த்த ஏழைப் பெண்களும் உண்டு. எண்ணற்ற நூல்களை எழுதியவருக்கு அந்தக் கல்லில் பொறித்த புகழுரை, சட்டைப் பாட்டைப் பாடியவர் இவர் என்பதே.

இரும்பு வியாபாரியும் ரொட்டிச் சட்டமும்

மூன்றாமவர் எபினீசர் எலியட். 1781-ல் ராதர்ஹாம் ஊரின் பக்கத்திலுள்ள மாஸ்பரோவில் ஓர் இரும்பு வார்ப்படக்காரரின் மகனாகப் பிறந்தார். பள்ளிக்கூடத்தில் இவரை மந்தபுத்தி என்று தள்ளிவிட்டார்கள். ஒரு நாள் தாவர நூல் ஒன்றில் பூக்களின் படங்களைக் கண்டு அவற்றை வரைந்துகொண்டிருந்தபோது, இவருடைய தமையனார் ஒரு கவிதையை உரக்கப் படித்தார். தோட்டத்துப் பூக்களை வர்ணிக்கும் பகுதி அது. பையன் புத்தகத்தை வாங்கிக்கொண்டு தோட்டத்துக்கு ஓடிப் பூவையும் பாட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தான். அன்று முதல் கவிதைப் பித்துப் பிடித்தது. அந்தப் புத்தகம் எது என்று நேயர்கள் ஊகித்திருக்கலாம். கிளேர் சுவர் தாண்டிக் குதித்துப் படித்த அதே தாம்ஸனின் நூல்தான்! மந்தபுத்தி என்று எந்தக் குழந்தையையும் அவசரப்பட்டுத் தள்ளிவிடலாகாது என்பதற்கு ஆசிரியர்களாகிய எங்களுக்கு இது ஒரு நல்ல எச்சரிக்கை.

எலியட் ஷெபீல்டு நகரில் இரும்பு வியாபாரம் செய்தார். கடையில் எஃகுக் கம்பிகளுக்கு நடுவே ஷேக்ஸ்பியரின் மார்பளவுச் சிலை ஒன்றும் இருந்ததாம். 1815-ல் பார்லிமெண்டு ஒரு தானியச் சட்டம் செய்திருந்தது. உள்நாட்டில் ஒரு குவார்ட்டர் கோதுமை 80 ஷில்லிங் விலைக்கு ஏறும் வரையில் அந்நியக் கோதுமையை விற்பனைக்கு இறக்குமதி செய்யக்கூடாது என்பது அதன் சாரம். நிலச்சுவான்தார்களுக்கு நல்ல விலை. நகரத்துத் தொழிலாளிக்கு ரொட்டி எட்டாத பண்டம். நெருக்கடிக் காலத்தில் எலியட்டும் வியாபாரத்தில் பெரு நஷ்டம் அடைந்தவர். தம் துயரத்துக்கும் தெருவில் கண்ட பசிக்கும் காரணம் இந்தச் சட்டமே என்று கண்டு, 1831-ல் தானியச் சட்டப் பாடல்கள் என்ற தொகுதியை வெளியிட்டார். காதலும் நிலவும் பாடவேண்டிய யாப்பில் ரொட்டியின் விலையைப் பாடினார். கார்லைல் இவரைப் பாராட்டி எழுதினார். 1846-ல் அந்தச் சட்டம் ரத்தாயிற்று. அதைக் கண்ணால் கண்ட பிறகே, 1849-ல், எலியட் காலமானார். தாம் எதிர்த்துப் பாடிய அநீதி தம் ஆயுட்காலத்திலேயே ஒழியக் காணும் பாக்கியம் எத்தனை கவிகளுக்குக் கிட்டியது?

சிறையில் பிறந்த காவியம்

நாலாமவர் எர்னஸ்ட் ஜோன்ஸ். இவர் ஏழையாகப் பிறந்தவரல்லர். ஏழ்மையைத் தாமாகவே வருவித்துக்கொண்டவர். தகப்பனார் கம்பர்லாந்துப் பிரபுவின் பரிவாரத்தில் ஒரு மேஜர். அந்தப் பிரபு மன்னர் மூன்றாம் ஜார்ஜின் மகன். பின்னால் ஹனோவர் மன்னரானவர். 1819-ல் பெர்லினில் பிறந்த ஜோன்ஸுக்கு அவரே ஞானத் தந்தை. இங்கிலாந்துக்கு வந்து 1844-ல் பாரிஸ்டரானார். ராஜசபையில் உலாவவும் உத்தியோகம் பெறவும் எல்லா வசதியும் இருந்தது.

1846-ல் அவர் சாசன இயக்கத்தில் சேர்ந்தார். வயது வந்த ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை, இரகசிய வாக்கு, பார்லிமெண்டு அங்கத்தினருக்குச் சம்பளம் முதலிய ஆறு கோரிக்கைகளை ஒரு சாசனமாக எழுதி, தொழிலாளிகள் நடத்திய மாபெரும் கிளர்ச்சி அது. அவற்றில் ஐந்து பிற்காலத்தில் சட்டமாயின. அன்றோ, கேட்டதே ராஜத்துரோகமாயிற்று. 1848 ஜூன் மாதம் செய்த ஒரு பிரசங்கத்துக்காக ஜோன்ஸைக் கைது செய்து இரண்டு வருஷம் சிறையிலிட்டார்கள். கப்பல் கயிற்றைப் பிரித்து நாராக்கும் வேலையைச் செய்ய மறுத்ததால் ரொட்டியும் தண்ணீரும் மட்டும் தந்து தண்டித்தார்கள். அதே சிறையில் ஷார்ப், வில்லியம்ஸ் என்ற இரண்டு தோழர்கள் 1849-ல் காலரா கண்டு மாண்டார்கள். ஜோன்ஸுக்குப் பேனாவும் மையும் வெகு நாள் மறுக்கப்பட்டன. பிரார்த்தனைப் புத்தகத்தின் ஏடுகளில் தம் இரத்தத்தைக் கொண்டே எழுதியதாக அவர் பிற்காலத்தில் கூறினார்.

அவ்விதம் சிறையில் உருவானதாக அவர் சொன்ன நெடும்பாட்டுக்குப் பொருள் எது தெரியுமா? அதில் முக்கியமான பகுதி இந்தியாவைப் பற்றியது. இந்திய மக்கள் அந்நிய ஆட்சியை எதிர்த்து எழுவார்கள் என்று அதில் பாடினார். புதிய உலகம் என்ற பொருளுள்ள தலைப்பில் அது 1851-ல் அச்சாயிற்று. ஆறு வருஷம் கழித்து, 1857-ல், இந்தியாவில் அந்தப் பெரும் எழுச்சி உண்மையாகவே மூண்டது. இங்கிலாந்தின் பத்திரிகைகள் பழிக்குப் பழி என்று கூச்சலிட்டுக்கொண்டிருந்த வேளையில், ஜோன்ஸ் அந்தக் காவியத்துக்கு ‘ஹிந்துஸ்தானத்தின் புரட்சி’ என்று தலைப்பிட்டு மறுபடியும் வெளியிட்டார். தாம் நடத்திய ‘பீப்பிள்ஸ் பேப்பர்’ என்ற தொழிலாளர் பத்திரிகையில், இது உலக சரித்திரத்திலேயே மிக நியாயமான எழுச்சிகளுள் ஒன்று என்று எழுதினார். அந்நியனிடமிருந்து தேசத்தை மீட்க இத்தாலியனும் போலந்துக்காரனும் போராடினால் ஆங்கிலேயர் பாராட்டுகிறார்கள். இந்தியன் அதையே செய்தால் குற்றமா என்பது அவருடைய வாதம். லண்டன் மாநகரில், ஆங்கில மொழியில், ஆங்கிலேயர் ஒருவர் அந்த வருஷத்தில் அவ்வாறு எழுதினார் என்பதை நம் குழந்தைகளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

கிளர்ச்சியைக் கைவிடாததால் செல்வந்தரான ஓர் உறவினரின் ஆஸ்தி அவருக்கு வராமல் போயிற்று. பத்திரிகையும் 1858-ல் கைமாறிற்று. பிறகு மான்செஸ்டரில் வக்கீல் தொழில் செய்து, 1867-ல் அயர்லாந்து விடுதலை வீரர்களுக்காகக் கோர்ட்டில் வாதாடினார். 1869-ல், தமது ஐம்பதாவது பிறந்த நாளுக்கு மறுநாள் மரணமடைந்தார். அந்தத் தேதி ஜனவரி 26. பிற்காலத்தில் நம் தேசத்தின் திருநாளாகிவிட்ட அந்தத் தேதியில் இவரையும் ஒரு கணம் நினைத்துக்கொள்வது தகும்.

நடுநிலையான மதிப்பு

இந்த நால்வரையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க நாம் விரும்பவில்லை. கிளேர் மகாகவிகளின் வரிசையில் உட்காரத் தக்கவர். இருபதாம் நூற்றாண்டில் அவருடைய கையெழுத்துப் பிரதிகளைத் தேடி எடுத்து, திருத்தமில்லாமல் அவர் எழுதியபடியே அச்சிட்டார்கள். 1989-ல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் கவிஞர் மூலையில் அவருக்கு ஞாபகச் சின்னம் வைத்தார்கள். ஹெல்ப்ஸ்டனில் அவர் வாழ்ந்த குடிசை இன்று பொதுமக்கள் சென்று காணும் நினைவில்லமாக இருக்கிறது. ஹூட் சிறந்த கவி. சிரிப்புக்காக எழுதிக் குவித்தவற்றில் காலம் கொண்டு போனது போக, சில பாடல்கள் நிலைத்து நிற்கும். எலியட், ஜோன்ஸ் இவர்களுடைய பாடல்களில் பல, கவிதை என்பதைவிடப் பிரசங்கம் என்று சொல்லத்தக்கவை. அதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் சபையிலே எழுந்து நிற்க வேண்டிய வேளையில் எழுந்து நின்றவனுடைய குரலில் சுருதி சற்றுப் பிசகினாலும், அவன் சொன்னதைக் கேட்காமல் விட்டுவிடலாமா?

நம் முன்னோர்களை ஆண்டவர்கள் தங்கள் தேசத்தைப் பற்றி ஒரு சித்திரம் எழுதிக் கொடுத்தார்கள். நாமும் நெடுங்காலம் அதையே சுவரில் மாட்டி வைத்திருந்தோம். அதில் இல்லாத இந்த நாலு முகங்களும் அதே தேசத்தைச் சேர்ந்தவையே. அவர்களைத் தெரிந்துகொண்டால் ஆங்கில இலக்கியத்தின்மேல் நமக்குள்ள மதிப்புக் குறையாது, அதிகமாகும். வேலியால் நிலத்தை இழந்த குடியானவனும், ஊசியால் கண்ணை இழந்த தையற்காரியும் எந்தத் தேசத்தில் பிறந்தாலும் நம் உறவினரே என்ற உணர்ச்சியும் கூடவே உண்டாகும்.

வீட்டில் பெரிய வகுப்பில் படிக்கும் பிள்ளைகள் இருந்தால், பெற்றோர் ஒரு காரியம் செய்யலாம். அடுத்த முறை ஊர் நூல்நிலையத்துக்குப் போகும்போது, ஜான் கிளேரின் பாடல்கள் இருக்கின்றனவா என்று கேட்டு ஒரு பிரதி வாங்கி வரட்டும். பரீட்சையில் அதிலிருந்து கேள்வி வராது. அதனாலேயே பிள்ளைகள் அதைப் பயமின்றிப் படிப்பார்கள்.